ஐந்தாவது மணி

“சாயந்திரம் ஆனாப் போதும், அவ போய் ஒயரைப் பிடுங்கி விட்டுடறா. நான் இங்கிருந்து எதையும் பார்த்துடக் கூடாதுன்னு வேணும்னே பண்றா. இனி அவளும் நானும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாதும்மா. நாளைக்குக் காலைல முதல் பஸ். போறேன், சாவிக்கொத்தைப் பிடுங்கறேன், பாகத்தைப் பிரிக்கறேன். அவ்வளவுதான்!”

தனபாக்கியம் சொன்னது சொன்னபடி இது. சொன்ன வேகத்தில் கை முறத்தில் பட்டு, உரித்து வைத்திருந்த பட்டாணி பாதி தரையில் உருண்டது.

தவமணி அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“நான் சொன்னதைக் கேட்டீங்களாம்மா?”

“கேட்டேன். அந்த நாற்காலிக்கு அடியில ரெண்டு போயிருக்கு பாரு.”

தனபாக்கியம் நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். இரண்டு இருந்தன. அது வேறு எரிச்சல்.

*

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. ஆசிரமம் என்று பலகை கிடையாது, காவி கிடையாது, காலில் விழுகிற வழக்கமும் கிடையாது. மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள். பட்டாணி உரிப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். சரியானதும் போய்விடுவார்கள். சரியாகாதவர்களும் போனதுண்டு, அவர்களைப் பற்றி தவமணி அம்மா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

தனபாக்கியத்துக்கும் தவமணி அம்மாவுக்கும் ஒரே வயது. ஒரே வயதுக்காரியை ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டியிருந்தது தனபாக்கியத்துக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. ஆனாலும் கூப்பிட்டாள். டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: “ரத்தக் கொதிப்பு இந்த லட்சணத்துல இருந்தா, லாரி ஓடும், ஆபீஸ் ஓடும், நீங்கதான் ஓட மாட்டீங்க. ஒரு மாசம் மலைக்குப் போங்க.”

மலைக்கு வந்தாள். வரும்போது துணிப் பையோடு ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மோடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

*

மோடம் என்றால் விசைத்தறிக்கு மாட்டுகிற ஏதோ உதிரி என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

சங்ககிரியில் தனபாக்கியத்துக்கு லாரி புக்கிங் ஆபீஸ். கீழே ஆபீஸ், மேலே வீடு. கணவர் போன பிறகு தனியாளாக அதைத் தூக்கி நிறுத்தினாள். கொழுந்தன் லாரிப் பட்டறையைப் பார்த்துக்கொண்டான். கொழுந்தன் பெண்டாட்டி சுகந்தி, அதாவது ஓரகத்தி, ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டாள்.

அந்த ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. போன் மணி ஒன்றுக்கு மேல் அடிக்கக் கூடாது. இரண்டாவது மணி அடித்தால் லோடு பக்கத்து ஆபீஸுக்குப் போய்விடும். ராத்திரியானால், எந்த டிரைவர் எந்த ரோட்டில் எப்படி நிற்கிறானோ என்று மாடிக் கூடத்திலும் அதே லைனில் ஓர் எக்ஸ்டென்ஷன் போன். அதற்கும் அதே சட்டம்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த எச்சில் கையோடு சுகந்தி ஓடி எடுத்திருக்கிறாள்.

சட்டம் போட்டவள் தனபாக்கியம்.

சண்டை வந்தது மாரப்பன் என்ற டிரைவரால். அவன் குழந்தைக்குக் காய்ச்சல். “நீங்க வீட்டுக்குப் போங்கண்ணா” என்று சுகந்தி அனுப்பிவிட்டாள். லோடு கைவிட்டுப் போயிற்று.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“நீங்க தூங்கிட்டிருந்தீங்கக்கா. டாக்டர் எழுப்பக் கூடாதுன்னாரு.”

“தூங்கிட்டுத்தானே இருந்தேன், செத்துப் போகலையே!”

அன்றோடு பேச்சு நின்றது. மலைக்குக் கிளம்பும்போது சாவிக்கொத்தைக் கையில்கூடக் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

பேச மாட்டாள். ஆனால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் மோடம்.

*

ஏற்பாடு இதுதான். சங்ககிரி ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்திருந்தார்கள். அவற்றோடு ஒரு மோடம். அது போன் லைனில் உட்கார்ந்திருக்கும். மலையிலிருந்து தனபாக்கியத்தின் மோடம் கூப்பிட்டால், ஆபீஸ் மோடம் ஐந்தாவது மணிக்குப் போனை எடுக்கும். இரண்டும் கீச்சுமூச்சென்று பேசிக்கொள்ளும். பேசி முடித்தால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற லோடு விவரமெல்லாம் மலையில் திரைக்கு வந்துவிடும்.

ஐந்தாவது மணி எதற்கு என்றால், பகலில் கூப்பிடுகிற வாடிக்கையாளர் காதில் மோடம் கத்திவிடக் கூடாது என்பதற்கு. கம்ப்யூட்டர்க்காரர் லோகநாதன் அப்படி வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “சின்னக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேங்க” என்றார்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பார்க்கறேன்னு அவளுக்குத் தெரியவே கூடாது.”

“இல்லீங்க, விளக்கிட்டா...”

“லோகநாதன், உங்களைக் கம்ப்யூட்டர் பார்க்கத்தான் கூப்பிட்டேன்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மலை வீட்டில் போன் இருந்தது ஒரே ஓர் இடத்தில், தவமணி அம்மாவின் அறையில். ஆபீஸ் மூடி, விளக்கு வைத்த பிறகு, தனபாக்கியம் அங்கே போய் உட்கார்ந்து கூப்பிடுவாள். முதல் நாள் மோடம் வீல் வீலென்று டயல் செய்த சத்தத்தில் அவளுக்கே பல் கூசிற்று. மோடம் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் திருகிச் சத்தத்தை ஒரேயடியாக அடைத்துவிட்டாள்.

அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது: எதிர்முனையில் பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. ஒயரைக் கழற்றி மாட்டினாள். நம்பரைச் சரிபார்த்தாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே.

எதிர்முனையில் பதில் இல்லை.

லோகநாதனைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தானுங்க இருக்கு. காலைல நானே உக்காந்து, யாரும் போனைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு, எங்க கடையில இருந்து கூப்பிடச் சொன்னேன். அஞ்சாவது மணிக்கு டக்குன்னு எடுத்துச்சுங்க.”

“அப்ப சாயந்திரமானா அதுக்கு என்ன பேய் பிடிக்குது?”

“அதாங்க புரியலை.”

தனபாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. காலையில் நல்லாயிருக்கிற ஒயர் சாயந்திரம் கெட்டுப் போகிறதென்றால், அதற்குக் கையும் காலும் உள்ள ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்குப் பெயர் சுகந்தி.

அந்த ஆத்திரத்தில்தான் கை முறத்தைத் தட்டியது.

*

“ஒயர் இருக்கறதே அவளுக்குத் தெரியாதுன்னியே” என்றாள் தவமணி அம்மா, பட்டாணியை ஊதிக்கொண்டே. “தெரியாததை எப்படிப் பிடுங்குவா?”

“மோப்பம் பிடிச்சிருப்பா.”

“ஓ.”

“என்ன ஓ? அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாதும்மா. வாயில விரல் வெச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி நிப்பா.”

“நீ கூப்பிட்டப்போ என்ன கேட்டுது?”

“பதில் இல்லைன்னு வருதுங்கறேன்.”

“வர்றதைக் கேக்கலை. என்ன கேட்டுதுன்னு கேக்கறேன்.”

“திரையில எழுதியே காட்டுதும்மா! இதைவிட என்ன வேணும்?”

தவமணி அம்மா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவது அவளுக்கு ஒரு வழக்கம். குருவாக இருப்பதில் அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

*

மத்தியானம் தனபாக்கியம் துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்துவிட்டு, பையை வாசல் பக்கம் வைத்தாள். எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றுதான் அங்கே வைத்தாள்.

தவமணி அம்மா அறையில் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பொதி பஞ்சு.

“அம்மா, கிளம்பறதுக்கு முன்னால ஒரு கேள்வி.”

தவமணி அம்மா தலையசைத்தாள். பஞ்சில் இரண்டு உருண்டை பிய்த்து, நிதானமாக உருட்டி, ஒன்றை வலது காதில் வைத்தாள். மற்றொன்றை இடது காதில் வைத்தாள். விரலால் நன்றாக அழுத்திக்கொண்டாள்.

“ம். கேளு.”

தனபாக்கியம் திகைத்தாள். மலைக் குளிருக்கு வைத்துக்கொள்கிறாளோ என்று நினைத்து, குரலை உயர்த்திக் கேட்டாள்.

“பத்து வருஷமா பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தேன். இன்னிக்கு ஆளில்லாத நேரமாப் பார்த்து இப்படிப் பண்றா. ஒருத்தி மேல வெச்ச நம்பிக்கை போயிட்டா, அப்புறம் என்னம்மா பண்றது?”

தவமணி அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

“அம்மா!”

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உங்களைத்தான்!”

“சரி” என்றாள் தவமணி அம்மா பெருமூச்சோடு. “நானும் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கறது? நீ வாயே திறக்கலை. பதில் இல்லைன்னு வெச்சுக்கறேன்.”

பஞ்சை இரண்டு காதிலிருந்தும் எடுத்தாள். எதிரே மேசையில் இருந்த மோடத்தின் தலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். திரிகளை அள்ளிக்கொண்டு பூஜை அறைக்குப் போனாள்.

“இதுக்குப் பேர்தான் ஞானமாக்கும்” என்றாள் தனபாக்கியம், சுவரைப் பார்த்து.

*

விளக்கு வைத்தாயிற்று. மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது.

தனபாக்கியம் மோடத்தின் முன்னால் உட்கார்ந்தாள். இணைப்பு வரும் என்ற நம்பிக்கையில் இல்லை. நாளைக்குக் கொழுந்தன் முன்னால் “நேத்து ராத்திரி வரைக்கும் பார்த்தேன்” என்று அடித்துச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும், அதற்காக.

பெட்டியின்மேல் இரண்டு பஞ்சு உருண்டைகள் இருந்தன.

தட்டிவிடக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

கொஞ்ச நேரம் அந்த உருண்டைகளையே பார்த்தாள். அப்புறம் பக்கவாட்டிலிருந்த திருகைப் பார்த்தாள்.

“அடச்சே” என்றாள்.

திருகைத் திருப்பினாள். கூப்பிட்டாள்.

டயல் டோன் கொர்ரென்றது. நம்பர்கள் வரிசையாகக் கீச்சிட்டன. லைன் மலையிறங்கி, சேலம் தாண்டி, சங்ககிரிக்குப் போய்ச் சேர்வது போல ஒரு நீண்ட இரைச்சல். பிறகு மணி.

முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை.

“ஹலோ, வணக்கமுங்க! லாரி ஆபீஸுங்க!”

பெட்டிக்குள்ளிருந்து வந்தது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, மூச்சிரைத்துக்கொண்டு, ஆனால் சந்தேகமே இல்லை. சுகந்தி.

“இவ எதுக்கு எடுக்கறா!” என்று தனபாக்கியம் துள்ளினாள். “ஆபீஸ் மூடியாச்சே! அஞ்சு மணி அடிக்கட்டும்னு விட வேண்டாமா! மணி அடிச்சா அடிச்சுட்டுப் போகுதுன்னு...”

அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

மணி ஒன்றுக்கு மேல் அடிக்கக் கூடாது.

மோடம், எதிரில் இருப்பது தன் இனம்தானா என்று தெரிந்துகொள்ள, ‘கீ’ என்று சின்னதாக ஒரு குரல் கொடுத்தது. கொடுத்துவிட்டுக் காத்திருந்தது.

“ஏனுங்க, அதே குருவிச் சத்தந்தான் வருதுங்க” என்றாள் சுகந்தி. “தினமும் கூப்பிடறது நீங்கதானுங்களே? வண்டி எங்கீங்க நிக்குது?”

கீ.

“பேச முடியலைன்னாப் பரவால்லீங்க. லைன்லயே இருங்க. நான் போனை வெக்க மாட்டேன். எதிர்ல வெக்காம நாம வெக்கக் கூடாதுன்னு எங்கக்கா சொல்லியிருக்காங்க.”

தனபாக்கியம் நாற்காலியை மோடத்துக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

“எங்கக்கா இருந்திருந்தா சத்தத்தை வெச்சே எந்த ரோடு, எந்தப் பாலம்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பாங்க. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் பத்தாதுங்க.”

கீ.

“மாரப்பண்ணனுங்களா? பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சலுங்களா? இருந்தாச் சொல்லிருங்கண்ணா. லோடை வேற வண்டிக்கு மாத்திக்கலாம். அக்கா வந்து திட்டினா நான் வாங்கிக் கட்டிக்கறேன். அது எனக்குப் பழக்கந்தானே.”

சுகந்தி சிரித்தாள். தகர டப்பாவிலும் அது சிரிப்பாகத்தான் கேட்டது.

மோடத்துக்கு அவ்வளவுதான் பொறுமை. டக்கென்று லைனை வெட்டிற்று. திரை, எப்போதும் போல, ஒரு வார்த்தை மாறாமல் எழுதிக் காட்டியது.

எதிர்முனையில் பதில் இல்லை.

தனபாக்கியம் அந்த வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

*

வாசலில் ஏதோ நகர்கிற சத்தம். தவமணி அம்மா குனிந்து பையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

“பனியில நனையுது” என்றாள். பையை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மோடத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அம்மா.”

“ம்.”

“இத்தனை நாளும் அவதான் எடுத்திருக்கா.”

“யாரு?”

தனபாக்கியம் திரையின் பக்கம் திரும்பினாள். மறுபடி கூப்பிட்டாள். அவசரத்தில் முதலில் தப்பாக அழுத்தி, மறுபடி சரியாக அழுத்தினாள்.

கொர்ர். கீச். இரைச்சல். மணி பாதிதான் அடித்தது.

“வந்துட்டீங்களா! வருவீங்கன்னு தெரியுமுங்க. இங்கயேதான் உக்காந்திருக்கேன். சாப்பாட்டுத் தட்டைக்கூடப் போன்கிட்டயே கொண்டாந்து வெச்சுக்கிட்டேன்.”

கீ.

“ஒண்ணும் பயப்படாதீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சாத்தான் பதறிப் போயிருவாங்க, ரத்தக் கொதிப்புங்க அவங்களுக்கு. அதனாலதான் மலைக்குப் போன் பண்ணிச் சொல்லலை. அவங்க நல்லபடியா வரட்டும். அதுவரைக்கும் நான் எடுக்கறேன்.”

மோடத்தின் பக்கத்திலேயே தவமணி அம்மாவின் போன் இருந்தது. இரண்டும் ஒரே லைன். தனபாக்கியம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். இன்னொரு கையால் மோடத்தின் சுவிட்சை அணைத்தாள்.

தகர டப்பா போயிற்று. சுகந்தியின் குரல் இப்போது காதோடு காதாக இருந்தது.

“குருவிச் சத்தம் நின்னு போச்சுங்களே.”

தனபாக்கியத்தின் வாய் திறந்தது. பத்து வருஷமாக அந்த ஆபீஸையே ஆட்டிப் படைத்த குரல், தொண்டை வரை வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

“ஹலோ? லைன் வெட்டலை. மூச்சு விடறது கேக்குதுங்க எனக்கு.”

வெளியே தவமணி அம்மா சமையலறை விளக்கைப் போட்டாள்.

“அழறீங்களா? வேண்டாமுங்க. எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

ஒரு நொடி நிறுத்தி, மிக மெதுவாக, பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்பது போலச் சுகந்தி கேட்டாள்.

“யாருன்னு மட்டும் சொல்லுங்க.”